எங்கே நிற்பது: யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பறவைகளையும் மீன்களையும் படமெடுத்தல்

நீர்ப்பறவைகளைப் படமெடுக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தக் கமராவை வாங்கலாம் என்பதைத்தான். அதற்கும் கீழே பதில் உண்டு. ஆயினும் யாழ்ப்பாணத்தைப் போலத் தட்டையான நிலமும், ஆழமற்ற பரவைக்கடலும், ஆண்டின் பெரும்பகுதி விடாது வீசும் காற்றும் உள்ள ஓர் இடத்தில் படத்தின் தரத்தை முதலில் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடமே என்பது என் உறுதியான கருத்து. காற்று எங்கிருந்து வீசுகிறது, வெயில் எங்கிருந்து விழுகிறது என்ற இரண்டையும் பார்த்து நிற்கும் கரையைத் தெரிந்தவர், சாதாரணக் கமராவைக் கொண்டே நல்ல படம் எடுத்துவிடுவார். மீன்களைப் படமெடுப்பதிலும் இதே கணக்குத்தான், சற்று வேறு வடிவில், செல்லுபடியாகிறது.

காற்றும் வெயிலும்

பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். நின்றுகொண்டிருக்கும்போதும் இறகுகள் கலையாதிருப்பதற்காக முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தே நிற்கும். எனவே காற்றின் திசை தெரிந்தால், பறவை எந்தப் பக்கம் முகங்காட்டும் என்பது படமெடுக்கப் போவதற்கு முன்னரே தெரிந்துவிடும். நமது கரையோரத் தொழிலாளர்கள் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றுகளைப் பெயர் சொல்லிப் பிரித்து வைத்திருப்பது தொழிலுக்காக. படமெடுப்பவருக்கும் அந்த அறிவு அப்படியே பயன்படும்.

ஐப்பசியிலிருந்து மாசி வரையான காலத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தென் அந்தத்தில் இருக்கும் நமது கடல்நீரேரிக்கு வலசைப் பறவைகள் வந்து தங்கும் காலமும் இதுதான். காலை வெயில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் விழும். காற்றும் ஏறத்தாழ அதே பக்கத்திலிருந்து வரும். நீரின் கிழக்குக் கரையில், முதுகுக்கு வெயிலையும் காற்றையும் வைத்துக்கொண்டு மேற்கு நோக்கி நின்றால், இறங்க வரும் பறவைகள் எல்லாம் முகத்தில் வெயில் விழ, நம்மை நோக்கியே வரும். இந்த ஒன்றுக்காகவே வாடைக்காலத்தில் மாலையைவிடக் காலை பல மடங்கு மேலானது. அதே காலத்தின் மாலையில் வெயிலை முதுகுக்கு வைத்து நின்றால், பறவைகள் நமக்கு முதுகைக் காட்டியே எழும்பிப் போகும். அப்போது நேர்முகப் படங்களை விட்டு, குறுக்கே பறந்து கடக்கும் பறவைகளைப் பக்கவாட்டு வெயிலில் எடுப்பதே நல்லது.

வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும்போது கணக்கு தலைகீழாகும். வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை போய்விட்டாலும், கொக்குகள், நாரைகள், நீர்க்காகங்கள், ஆலாக்கள், செம்பருந்துகள் ஆகியவை இருக்கும். அந்த மாதங்களில் மாலை நேரத்தில் மேற்குக் கரையில் நின்று கிழக்கு நோக்கிப் படமெடுக்க வேண்டும். சோளகம் பலமாக அடிக்கும் நாளில் கமராவைக் கையில் அசையாது பிடிப்பது கடினம் என்பதால், வாகனத்தின் மறைவிலோ மதகின் ஓரத்திலோ உடலைச் சாய்த்து நிற்பது உதவும்.

காற்றை முதுகுக்கு வைப்பதில் ஒரு குறையும் உண்டு. நமது பேச்சும், காலடியும், வாகனக் கதவின் ஓசையும் காற்றோடு பறவைகளிடம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே கதவை மெல்லச் சாத்துவதும், கைத்தொலைபேசியை மௌனத்தில் வைப்பதும், பேசாதிருப்பதும் இந்த நிலைப்பாட்டில் மேலும் அவசியமாகின்றன.

எந்தக் கரையில், எந்த நேரத்தில்

கடல்நீரேரியை ஊடறுத்துச் செல்லும் வீதியான பண்ணைத் தாம்போதி ஏறத்தாழ வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் செல்வதால், காலையில் அதன் வடமேற்குப் பக்க நீரையும், மாலையில் தென்கிழக்குப் பக்க நீரையும் நோக்கிப் படமெடுப்பது பொருத்தமானது. வாகனங்கள் விரைந்து போகும் வீதி அது. மோட்டார் சைக்கிளை வீதியின் விளிம்பில் நிறுத்திவிட்டுப் பின்னோக்கி நடந்தபடி கமராவைப் பார்ப்பவர்களைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறும். வீதியைவிட்டு இறங்கி, கற்கட்டின் மேல் அமர்ந்துகொண்டால் பாதுகாப்பும் கிடைக்கும், பார்வை மட்டமும் நீருக்கு அருகில் வரும். மீன்களை மறித்துப் பிடிக்கும் களங்கண்டி வலைகளுக்காகக் கடல்நீரேரிக்குள் நாட்டப்பட்டிருக்கும் தடிகளைக் கவனியுங்கள். ஆலாக்களும் கடற்காகங்களும் நீர்க்காகங்களும் அவற்றின் மேல் வந்தமரும். ஒரே தடிக்கு மீண்டும் மீண்டும் திரும்பும் பழக்கமும் அவற்றுக்கு உண்டு. எந்தத் தடியின் உச்சி எச்சத்தால் வெளுத்திருக்கிறதோ அந்தத் தடியை முன்னரே குவியப்படுத்தி வைத்துக் காத்திருக்கலாம்.

கல்லுண்டாய் வெளியிலும் அராலிப் பக்கத்திலும் வீதிக்கு மேற்கே நீர் விரிந்து கிடப்பதால், வாடைக்காலக் காலைக்கு அவற்றைப்போல் வாய்ப்பான இடங்கள் குறைவு. உப்பு வெளிகளில் நெடுங்கால் உள்ளான்களும், உப்புக்கொத்திகளும், சிறு உள்ளான் கூட்டங்களும் வீதிக்கு மிக அருகிலேயே மேயும். வல்லைவெளியில் வீதி பண்ணையைப் போலவே வடகிழக்காகச் செல்கிறது. ஆதலால் காலை, மாலைக் கணக்கும் பண்ணைக்குரியதே. பொன்னாலையிலிருந்து காரைநகருக்குச் செல்லும் தாம்போதி ஏறத்தாழக் கிழக்கு மேற்காக அமைந்தது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் நாள் முழுவதும் தென்புறமாகச் சாய்ந்தே செல்வதால், அங்கே வடபக்க நீரையே நோக்கி நிற்க வேண்டும். அரியாலைக் கரையில் நீர் தெற்கேயும் கிழக்கேயும் இருப்பதால் அது மாலைக்குரியது. சரசாலைக் குருவிக்காட்டில் கண்டல் மரங்களில் அடையும் பறவைகளைக் காணலாம்; அடையும் நேரத்தில் மரத்தடிக்குப் போகாமல், அவை பறந்து வரும் வழியில் தூரத்தில் நிற்பதே முறை.

சுண்டிக்குளம் 1938 ஆம் ஆண்டு முதல் சரணாலயமாக இருந்து, 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதற்குள் நுழைவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகளைக் கேட்டறிந்து செல்ல வேண்டும். முகமாலை, ஆனையிறவுப் பக்கங்களில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் நிலத்தில், அதற்கப்பால் எத்தனை பூநாரைகள் நின்றாலும், ஓர் அடியும் வைக்கக்கூடாது. கடற்படை, இராணுவ முகாம்கள் படத்தில் விழும் கோணங்களையும் தவிர்க்க வேண்டும்.

நமது கடல்நீரேரியில் கடலேற்ற இறக்கத்தின் அளவு சிறியது. நீர்மட்டத்தை அதிகம் மாற்றுவன மழையும் காற்றுமே. கார்த்திகை, மார்கழி மழையில் நீர் பரந்து நிற்கும்போது பறவைகளும் பரவலாகச் சிதறியிருக்கும். மாசி, பங்குனியில் நீர் வற்றத் தொடங்க, எஞ்சிய நீரில் மீனும் இறாலும் நெருங்க, அங்கே பறவைகளும் திரளும். வெளிநாட்டுப் பறவைகள் வந்துவிட்டன என்ற செய்தி பரவும் கார்த்திகையில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புபவர்கள், மாசியில் மீண்டும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அப்போது திரும்பும் பயணத்துக்காக உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைகள் இடைவிடாது இரை தேடும். பலவற்றின் இறகில் இனப்பெருக்க காலத்து நிறமும் ஏறத் தொடங்கியிருக்கும்.

கருவிகள்

கைத்தொலைபேசியால் தூரத்துப் பறவையை எடுக்க முடியாது. ஆனால் கூட்டமாகப் பறவைகள் நிற்கும் நிலக்காட்சியை நன்றாகவே எடுக்கலாம். தொடக்கநிலையினருக்கு வில்லை (லென்ஸ்) மாற்றத் தேவையில்லாத, நீண்ட உருப்பெருக்கம் கொண்ட கமராக்கள் பொருத்தமானவை. நிக்கோன் பி 900, பி 950 ஆகியவை 83 மடங்கு உருப்பெருக்கத்தையும், 2000 மில்லிமீற்றர் வில்லைக்குச் சமமான எட்டத்தையும் தருகின்றன. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு இவை போதுமானவை, பறக்கும் பறவைக்கு மெதுவானவை. பறப்பதை எடுக்க விரும்புபவர், பழைய கமராவானாலும் வில்லை மாற்றக்கூடிய ஒன்றை வாங்கி, 70 முதல் 300 மில்லிமீற்றர் வரையான வில்லையுடன் தொடங்கலாம். ஆசை நிலைத்தபின் 150 முதல் 600 வரையான வில்லைக்குப் போகலாம்.

எட்டத்தைப் பற்றி ஒரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பின் உப்பு வெளியும் சேற்று நிலமும் சூடேறத் தொடங்க, நிலத்தை ஒட்டிய காற்று அலைபாய்கிறது. வெறுங்கண்ணுக்கு அது மெல்லிய கானலாகத் தெரியும். நீண்ட வில்லையின் வழியே பார்த்தால் பறவையின் விளிம்பே நெளியும். அந்நேரத்தில் எடுத்த படம் மங்கலாக இருப்பதற்குக் கமராவையும் வில்லையையும் குறை சொல்லி, இன்னும் விலையுயர்ந்த கருவியைத் தேடி அலைபவர்கள் பலர். எந்தக் கருவியாலும் கானலை ஊடுருவ முடியாது. அதற்கு இரண்டே மருந்துகள் உள்ளன: ஒன்று, வேளைக்குப் போய், எட்டரை மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது, மற்றது, அருகில் வரும் பறவைக்காகக் காத்திருப்பது. தை மாதத்தில் சூரியன் எழுவது ஏறத்தாழ ஆறரை மணிக்கு. ஆகவே நல்ல ஒளி கிடைப்பது இரண்டு மணி நேரம் மட்டுமே என்று எண்ணி, இருள் பிரியுமுன் இடத்துக்குப் போய்விட வேண்டும்.

முக்காலி கட்டாயமில்லை. உமி நிரப்பித் தைத்த சிறிய துணிப்பை ஒன்றை வாகனத்தின் சன்னலிலோ, மோட்டார் சைக்கிளின் இருக்கையிலோ, கற்கட்டிலோ வைத்து, அதன்மேல் வில்லையைச் சாய்த்தால் அசைவு அடங்கிவிடும். பழைய சாக்கு ஒன்றும் கையிலிருக்கட்டும். உப்புச் சேற்றில் விரித்துப் படுத்து, பறவையின் கண்மட்டத்துக்கு வில்லையைத் தாழ்த்தி எடுக்கும் படத்துக்கும், நின்றபடி மேலிருந்து எடுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தபின் எவரும் ஆடை அழுக்காவதைப் பெரிதாக நினைப்பதில்லை.

கமராவின் அமைப்புகள்

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியின் 1/2000 அளவில் இருக்க வேண்டும். சிறிய ஆலாக்களுக்கு அதனிலும் கூடுதலாக. நின்று மேயும் பறவைக்கு 1/500 போதும். குவியத்தை, நகரும் பறவையை விடாது பின்தொடரும் தொடர்நிலையில் வைத்து, பறவையின் கண்ணில் அதை நிறுத்த வேண்டும். கண் தெளிவாக இருந்தால் சிறகின் நுனி மங்குவதை எவரும் குறையாகக் காணமாட்டார்; கண் மங்கினால் மற்றவை எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை.

நமது பறவைகளில் வெள்ளை நிறத்தவை மிகுதி என்பதால் ஒளியளவில் கூடிய கவனம் வேண்டும். கருநீரின் நடுவே நிற்கும் வெள்ளைக் கொக்கைக் கமரா தானாக அளந்தால், சூழலின் இருளைக் கண்டு ஒளியைக் கூட்டிவிடும். கொக்கின் இறகுகள் ஒரு வெள்ளைத் திட்டாக எரிந்துபோகும். ஒளி ஈடு செய்யும் அமைப்பை (exposure compensation) முக்கால் முதல் ஒரு படி வரை குறைத்து வைக்க வேண்டும்; ஒரு படி குறைத்தால் ஒளி பாதியாகும், கூட்டினால் இரட்டிக்கும். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு பறக்கும் பூநாரைக்கும் செம்பருந்துக்கும் இதற்கு நேர்மாறாக ஒரு படி கூட்ட வேண்டும். நீர்க்காகத்துக்கும் கூட்டவே வேண்டும். அமைப்புகளைக் கையால் தெரிந்துகொள்ள விரும்புபவர், நல்ல வெயிலில் வெள்ளைப் பறவைக்கு ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறன் 400, வில்லையின் துவாரம் எஃப் 8, ஷட்டர் வேகம் 1/2500 என்று தொடங்கி, திரையில் வெண்மை எரிகிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பின்னணி மாறினாலும் வெயில் மாறாதவரை அந்த அளவு மாறாது என்பதே கையால் அமைப்பதன் பெரிய நன்மை.

பறவைக்கு அருகில் செல்லுதல்

நிறுத்திய வாகனத்தைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை. அதிலிருந்து இறங்கும் மனிதரைக் கண்டு விலகுகின்றன. முச்சக்கர வண்டியோ காரோ இருந்தால் உள்ளிருந்தபடியே எடுப்பது சிறந்தது. நடந்து போகும்போது பறவையை நேரே நோக்கி நடக்கக்கூடாது. வேறெங்கோ போகிறவரைப் போலச் சாய்கோணத்தில் சில அடிகள் நடந்து, நின்று, தாழ்ந்து உட்கார்ந்து, பறவை மீண்டும் மேயத் தொடங்கிய பின்னரே அடுத்த அடியை வைக்க வேண்டும். அருகில் ஆள்காட்டி இருந்தால் அதன் கண்ணில் படாமல் போவதே முதல் வேலை. அது ஒருமுறை கத்திவிட்டால் அந்த வெளியில் உள்ள அனைத்தும் எழும்பிவிடும்.

பறவை நமக்குச் சொல்லும் அடையாளங்கள் தெளிவானவை. மேய்ச்சலை நிறுத்தித் தலையை உயர்த்துவது முதல் எச்சரிக்கை. நமக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல நடப்பது இரண்டாவது. நாரையோ கொக்கோ உடலை முன்னே சாய்த்து எச்சமிட்டால் அடுத்த கணம் பறக்கப்போகிறது என்று பொருள். பறப்பதைப் படமெடுக்கக் காத்திருப்பவருக்கு இந்த அடையாளம் பயன்படும் என்றாலும், நம்மால் அந்தப் பறவை எழும்பக்கூடாது. பூநாரைகள் மேயும்போது தலையைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, அலகால் நீரை வடிகட்டி உண்கின்றன. ஒரு கூட்டத்தின் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்திருக்கும் படத்தைக் கண்டால், படமெடுத்தவர் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டார் என்று அறிந்துகொள்ளலாம். கல்லெறிந்தும் கைதட்டியும் கூட்டத்தைப் பறக்கவைத்து எடுக்கும் பழக்கம் நமது கரைகளில் பரவிவருவது மிகவும் வேதனைக்குரியது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்து, பறந்தே திரும்ப வேண்டிய உயிர்கள் பலவும் அக்கூட்டங்களில் இருக்கின்றன. ஒவ்வொரு முறை அவற்றை எழுப்பும்போதும் அவை சேர்த்த சக்தியை நாம் செலவழிக்கிறோம். ட்ரோன்களும் இதே தீங்கைச் செய்கின்றன. அவற்றை இயக்குவதற்கு இந்நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளும் உண்டு.

வாடை ஓய்ந்த பின், வெயில் மாதங்களில், உப்பு வெளிகளில் நடக்கும்போது காலடியைப் பார்த்து நடக்க வேண்டும். ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் நெடுங்கால் உள்ளானும் தரையிலேயே முட்டையிடுகின்றன. முட்டைகள் மண்ணின் நிறத்திலேயே இருக்கும். பறவை நம்மைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால் கூடு அருகிலிருக்கிறது. வந்த வழியே உடனே திரும்பிவிட வேண்டும். கூட்டைப் படமெடுக்கத் தங்கும் நேரத்தில் தாய் விலகியிருக்க, முட்டை வெயிலில் வெந்துபோகும். நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும் காகங்கள் நாம் போனதும் அங்கே இறங்கும்.

பறவையின் பழக்கத்தை அறிந்தால் காத்திருப்பு வீண்போகாது. சின்னக் கொக்கை எடுத்துக்கொள்வோம். கருங்கால்களின் நுனியில் மஞ்சள் விரல்களைக் கொண்ட இப்பறவை, முழங்காலளவு நீரில் நின்று, ஒரு காலை முன்னே நீட்டிச் சேற்றுக்குள் விரல்களை நடுக்கும். சேறு கலங்க, ஒளிந்திருந்த சிறு மீனும் இறாலும் வெளிப்படும். அப்போது கழுத்து பின்வாங்கி வளையும், தலை ஒரு பக்கமாகச் சாயும், ஒரு கணம் உடல் முழுதும் அசைவற்று நிற்கும். ஷட்டரை அழுத்த வேண்டியது அந்த அசைவற்ற கணத்தின் முடிவில்தான். அலகு நீரைத் தொட்டதைக் கண்டபின் அழுத்தினால் தெறித்த நீர் மட்டுமே மிஞ்சும். தொடர்ச்சியாகப் பல படங்களை எடுக்கும் அமைப்பில் வைத்து, கழுத்து வளைந்ததும் தொடங்கிவிட வேண்டும். அலகின் நுனியில் மீன் குறுக்காகப் பிடிபட்டிருக்கும்; அதைத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்குவதற்காகக் கொக்கு மேலே எறிந்து பிடிக்கும். அந்த இரண்டாவது வாய்ப்பைப் பலர் கவனிப்பதில்லை. மீன் அலகைவிட்டுக் காற்றில் நிற்கும் படம் அப்போதுதான் கிடைக்கும்.

கரண்டிவாயன் அலகை நீருக்குள் வைத்து இடமும் வலமுமாக வீசிக்கொண்டே போகும். அதன் அழகு அலகில் இருப்பதால், தலையைத் தூக்கும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீரின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கீழே பார்த்துப் பாயும். அப்படி நிற்கும்போது அதன் முகம் காற்றை நோக்கியே இருக்குமாதலால், காற்றை முதுகுக்கு வைத்தவருக்கு அது நேர்முகங் காட்டும். தொடக்கநிலையினர் பறக்கும் பறவையைக் குவியப்படுத்திப் பழக இதனிலும் நல்ல பறவை இல்லை.

மீன்கள்: கரையிலும் நீரிலும்

உயிருள்ள மீனைக் கரையிலிருந்து எடுப்பதற்குத் தடையாக இருப்பது நீரின் மேற்பரப்பு காட்டும் வானத்தின் பிரதிபலிப்பு. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டரை வில்லையில் மாட்டி, நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்த்தபடி அதைத் திருப்பினால், ஒரு நிலையில் பிரதிபலிப்பு அகன்று அடிநிலம் தெரியும். நேர்கீழே பார்த்தால் இந்தப் பில்டர் பயன்படாது. மிகவும் தாழ்வாகப் பார்த்தாலும் பயன்படாது. ஒளியில் ஒன்றரை முதல் இரண்டு படி வரை அது விழுங்கிவிடும் என்பதால் ஐ.எஸ்.ஓ. அளவைக் கூட்ட வேண்டும். தாம்போதிகளின் கற்களில் படர்ந்த பாசியைக் கறிக்கும் ஒட்டி மீன்களையும், மேற்பரப்பை ஒட்டியே நீந்தும் முரல் கூட்டங்களையும், காற்றடங்கிய பங்குனி, சித்திரைக் காலைகளில் இவ்வாறு எடுக்கலாம். நம் நிழல் நீரில் விழுந்தால் மீன்கள் சிதறிவிடும். இங்கு மட்டும் வெயிலை நேர் முதுகுக்கு வைக்காமல் தோளுக்குப் பக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

கீரிமலையிலிருந்து மாதகல் வரையான சுண்ணக்கற் கரையில், கடல் அமைதியாக இருக்கும் நாட்களில், நீர் புகாத சிறிய கமராவுடன் நீருக்குள்ளும் எடுக்கலாம். நீர் சிவப்பு நிறத்தை முதலில் உறிஞ்சிவிடுவதால், ஆளுயர நீருக்குள்ளேயே, வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் எடுத்தால் நிறம் காக்கப்படும். நீருக்கடியில் பொருட்கள் உள்ள தூரத்தின் முக்கால் பங்கில் இருப்பதாகத் தோன்றும். எனவே இன்னும் நெருங்க வேண்டும். தனியே ஒருபோதும் இறங்கக்கூடாது. முருகைக்கற்களில் கால் ஊன்றவும் கூடாது.

பிடிபட்ட மீனைப் படமெடுக்கக் குருநகர், பாசையூர், மயிலிட்டி, பருத்தித்துறைக் கரைகளைப் போன்ற இடங்கள் வேறில்லை. வள்ளம் கரைசேர்ந்த உடனே எடுக்க வேண்டும். மீனின் நிறம் இறந்த சிறிது நேரத்திலேயே மங்கத் தொடங்குகிறது. முதலில் மீனவரிடம் அனுமதி கேளுங்கள். ஏலம் கூறும் வேளையில் நடுவே புகுந்து நிற்காதீர்கள். அது அவர்களின் நாட்கூலி தீர்மானமாகும் நேரம்.

மீனின் செதில், தன் எதிரே இருப்பதையெல்லாம் காட்டும் கண்ணாடியாக இருக்கிறது. சூடையையோ பாரையையோ நேர்வெயிலில் வைத்தால் பாதி வெள்ளையாக எரிந்து, பாதி கருமையாகிவிடும். நிழலில் வைத்து, எதிரே ஐஸ் பெட்டியின் வெண்ணிற ரெஜிபோம் (தெர்மோகோல்) மூடியைச் சாய்த்துப் பிடித்தால், அதன் வெண்மை செதில்களில் விழுந்து ஒவ்வொரு வரிசையும் தனித்தனியே தெரியும். நீலப் படங்குக் கூரையின் கீழ் எடுத்தால் மீன் முழுவதும் நீலமேறும். அறக்குளாவின் வயிற்றிலும் திருக்கையின் அடிப்புறத்திலும் அது மிகத் தெளிவாகத் தெரியும். ஒரு வெள்ளைத் தாளை மீனுக்கருகில் வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், பின்னர் கணினியில் அந்தத் தாளை வைத்து நிறத்தைச் சரிசெய்யலாம். இனத்தை அடையாளங்காணும் நோக்கமிருந்தால், வழுவழுப்பை நீரால் கழுவி, தலை இடப்பக்கம் இருக்குமாறு கிடத்தி, செட்டைகளை விரித்து, அருகில் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும். உலகெங்கும் மீனியலாளர்கள் பின்பற்றும் முறை அது.

வீட்டுத் தொட்டி மீன்களுக்கு அறை விளக்கை அணைத்து, தொட்டியின் மேல்விளக்கை மட்டும் எரியவிட்டு, கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து, வில்லையை அதன்மேல் ஒட்டி, நேர்செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் கண்ணாடியும் நீரும் ஒளியை வளைத்துத் தெளிவைக் கெடுக்கும். வேகம் 1/200 அளவில் இருக்கட்டும். கமராவின் மேலுள்ள பிளாஷைப் பயன்படுத்த வேண்டாம்.

வீடு திரும்பியபின்

உப்புக்காற்று கருவிகளை அரிக்கும். திரும்பியதும், நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவின் உடலையும் வில்லையின் வெளிப்புறத்தையும் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். முன் கண்ணாடியில் படிந்த உப்பை முதலில் ஊதியே அகற்ற வேண்டும், தேய்த்தால் கீறும். மாரிகாலத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிப்பது நமது ஊரில் சாதாரணம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வைத்தால் அதைத் தடுக்கலாம். தோல் பைக்குள் பூட்டி வைப்பது பூஞ்சணத்தை வரவேற்பதாகும்.

படங்களைத் திருத்தும்போது பூநாரையின் இளஞ்சிவப்பை மிகைப்படுத்தாதீர்கள். அந்நிறம் உணவிலிருந்து படிப்படியாக ஏறுவது. இளம் பறவைகள் சாம்பலும் பழுப்புமாகவே இருக்கும், வயதை அறிவதற்கு அதுவே ஆதாரம். ஒவ்வொரு படத்தோடும் நாள், இடம் ஆகிய இரண்டையும் எழுதி வையுங்கள். சிறு உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் இனம் பிரிக்க அலகின் நீளமும், காலின் நிறமும், பறக்கும்போது தெரியும் இடுப்பின் வெண்மையும் வேண்டியிருப்பதால், அழகற்றதாயினும் சிறகு விரித்த படம் ஒன்றை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டி நடைபெற்றுவருகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவும் ஆர்வலர்களை வரவேற்கிறது. நாளும் இடமும் உள்ள படங்களை பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் (eBird) இணையத்தளத்தில் பதிவேற்றினால், வடக்கின் எந்தக் கரையில் எந்தப் பறவை எந்த மாதத்தில் நின்றது என்பதை, இங்கு வராத ஆய்வாளரும் பார்த்துப் பயன்படுத்த முடியும்.